கோப்பா, மாதிரியா, இரண்டும் சேர்ந்தா? சிக்கலான பாதுகாப்பு அமைப்புகளை வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஓர் ஒப்பீடு

கடந்த சில மாதங்களில் ஒரே கேள்வி எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. வாங்கும் பக்கத்தில் இருக்கும் ஓர் இளம் அதிகாரி, "டெண்டரில் அமைப்பின் கணினி மாதிரியைக் கேட்கலாமா, வழக்கம்போல் ஆவணங்களையே கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?" என்று கேட்டார். விற்கும் பக்கத்தில், வியாசர்பாடியில் 12 பேரை வைத்து வயரிங் ஹார்னஸ் (பெட்டிகளை இணைக்கும் கம்பிக் கட்டு) செய்து தரும் ஒருவர், "மாடலிங் மென்பொருளுக்கு உரிமம் வாங்கச் சொல்கிறார்கள் சார், வாங்கினால் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார். இருவருக்கும் ஒரே கட்டுரையில் பதில் எழுதுகிறேன். ஏனென்றால் முன்னவர் எடுக்கும் முடிவுக்கு விலை கொடுக்கப் போகிறவர் பின்னவர்.

2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த ஒரே விழாவில் இரண்டு காரியங்கள் நிறைவேறின. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ நீட்டிப்பு தொடங்கி வைக்கப்பட்டது. ஆவடியில் உருவான அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கி ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வடசென்னையில் எல்லோருக்கும் மெட்ரோ நினைவிருக்கிறது. டாங்கி அவ்வளவாக நினைவில்லை. என் தொழில் காரணமாக எனக்கு இரண்டும் ஒரே வகையான பொருளாகத்தான் தெரியும். ஒரு பாகத்தைத் தொட்டால் தொடாத பாகங்களும் அசையும்.

அர்ஜுன் திட்டத்துக்கு 1974ல் ஒப்புதல் கிடைத்தது. முதல் 5 டாங்கிகள் படையிடம் போய்ச் சேர்ந்தது 2004ல். இத்தனை ஆண்டு ஆனதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று நம் பேச்சுக்கு நேரடியாக வேண்டியது. தொடக்கத்தில் 40 டன் வகுப்பில், 105 மில்லிமீட்டர் பீரங்கியோடு நினைக்கப்பட்ட வண்டி, 120 மில்லிமீட்டர் பீரங்கியோடு 58.5 டன்னில் வந்து நின்றது. பீரங்கி பெரிதானால் கோபுரம் பெரிதாகும். கோபுரம் பெரிதானால் கவசம் கூடும். கவசம் கூடினால் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், சஸ்பென்ஷன் மாறும், கடக்க வேண்டிய பாலத்தின் வலுவும் ஏற்றிச் செல்லும் ரயில் வேகனும் மாறும். வண்டியின் அகலம் ஏறத்தாழ 3.86 மீட்டர், ரயில்வேயின் வழக்கமான சரக்கு அளவுக்குள் அது அடங்காது. மார்க் 1ஏ இன்று 68 டன் எடையில் நிற்கிறது.

தேவைப் பட்டியலில் ஒரு வரி மாறினால் அது எங்கெல்லாம் போய் இடிக்கும் என்பதை எவ்வளவு சீக்கிரம் பார்க்க முடியும்? மாதிரி அடிப்படையிலான அமைப்புப் பொறியியல் என்ற நீளமான பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த ஒரு கேள்விதான். மாதிரி என்றதும் திரையில் சுழலும் முப்பரிமாணப் படம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு. கோப்புகளில் 'மின்விநியோகம் 28 வோல்ட்' என்ற வாக்கியம் 40 ஆவணங்களில் 40 முறை எழுதப்பட்டிருக்கும். மாதிரியில் அது ஒரே ஓர் உறுப்பு. 40 இடங்களும் அதைச் சுட்டி நிற்கும். அதை மாற்றினால் சுட்டி நிற்கும் அத்தனை இடமும் கண்ணில் படும். இதற்கென்று உருவான சிஸ்எம்எல் என்ற வரைமொழியின் முதல் பதிப்பு 2007ல் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2018 ஜூனில் டிஜிட்டல் பொறியியல் உத்தி ஒன்றை வெளியிட்டது. 2023 டிசம்பரில் அதைக் கட்டளை ஆவணமாகவே ஆக்கியது. அந்த அலைதான் பெரிய நிறுவனங்கள் வழியாக இப்போது திருவொற்றியூர், மாதவரம் பட்டறைகளின் வாசலுக்கு வந்திருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரிசை என்னுடையது. எனக்கு முக்கியம் என்று படுவது முதலில் வருகிறது.

முதலாவது, மாற்றத்தின் பாதை. ஒரு தேவை மாறினால் பாதிக்கப்படும் பாகங்கள், சோதனைகள், ஒப்பந்தங்கள் எவை என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகுமா, ஒரு மாதம் ஆகுமா?

இரண்டாவது, எல்லைகள். ஒரு நிறுவனத்தின் பெட்டி முடிந்து இன்னொரு நிறுவனத்தின் பெட்டி தொடங்கும் இடத்தை இடைமுகம் என்கிறோம். பின்னிப் பிணைந்த அமைப்புகள் பெரும்பாலும் பெட்டிக்குள் தோற்பதில்லை. பெட்டிகளுக்கு நடுவில்தான் தோற்கின்றன.

மூன்றாவது, தகராறு வந்தால் எது செல்லும்? கையெழுத்திட்ட தாளா, கணினியில் இருக்கும் மாதிரியா?

நான்காவது, கடைசிப் பட்டறையின் தாங்கும் சக்தி. சங்கிலியின் நுனியில் 12 பேரோடு இருப்பவரால் இந்த வழியில் வேலை செய்ய முடியுமா?

ஐந்தாவது, ஆயுள். டாங்கியும் கப்பலும் 30, 40 ஆண்டுகள் சேவையில் இருக்கும். இன்று எழுதிய தகவலை அன்றைக்குத் திறந்து படிக்க முடியுமா?

விலைப்புள்ளியில் தெரியும் பணத்தை நான் தனி அளவுகோலாகச் சேர்க்கவில்லை. தெரியும் பணத்தை எல்லோரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். தெரியாத பணத்தை ஒவ்வொரு வழியின் கீழும் எழுதுகிறேன்.

## முதல் வழி: கோப்புகள்

நம் நாட்டின் பாதுகாப்புக் கொள்முதல் இன்றும் ஆவணங்களின் மேல்தான் நிற்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த கொள்முதல் நடைமுறையில் பணித்தேவைகள், முன்மொழிவுக் கோரிக்கை, தொழில்நுட்ப மதிப்பீடு, களச் சோதனை என்று ஒவ்வொரு படியும் ஓர் ஆவணத்தில் தொடங்கி ஓர் ஆவணத்தில் முடிகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தாளை யாரும் படிக்கலாம். பட்டறைக்கு வரும் தர ஆய்வாளர், தணிக்கையாளர், நடுவர், நீதிபதி, எல்லோரும் படிக்கலாம். 1990ல் அச்சிட்ட வரைபடத்தை இன்றும் விரித்து வைத்து வேலை செய்யலாம். மூன்றாம், நான்காம், ஐந்தாம் அளவுகோல்களில் கோப்பை வெல்ல எதுவும் இல்லை.

முதல் இரண்டில்தான் அது சறுக்குகிறது. எப்படிச் சறுக்கும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் தரப் பரிசோதனை என் பொறுப்பில் இருந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து காட்சித்திரைக்குப் போகும் ஹார்னஸ், 37 பின் கனெக்டர். எட்டடி பிளைவுட் பலகையில் முழு அளவு வரைபடத்தை ஒட்டி, திருப்பங்களில் ஆணியடித்து, ஆணிகளுக்கு நடுவே கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டுவார்கள். எர்ணாவூரிலிருந்து வரும் அக்கா ஒருவர்தான் அந்தப் பலகைக்கு மூத்தவர். கம்பி முனையில் பின்னை அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்பிங் இடுக்கியின் சத்தத்தை வைத்தே பின் சரியாகப் பிடித்ததா என்று சொல்லிவிடுவார். எல்லாப் பெட்டிகளையும் இணைத்துப் பார்க்கும் ஒருங்கிணைப்பு நாளில் காட்சித்திரை எரியவில்லை. இரவு 11 மணிக்கு அக்காவை ஆட்டோ வைத்து அழைத்து வந்தோம். மல்டிமீட்டரின் ஒரு முனையை நம் கனெக்டரிலும் மறு முனையை அவர்கள் பெட்டியின் உள்ளேயும் வைத்து, 1, 2, 3 என்று பீப் சத்தம் கேட்டுக்கொண்டே போனார். 10 வரை சத்தம் வந்தது. 11ல் வரவில்லை. 11ஐயும் 12ஐயும் மாற்றி வைத்துப் பார்த்தார், சத்தம் வந்தது. நிமிர்ந்து, "சார், நம் பலகை சரியாகத்தான் இருக்கிறது. அவர்கள் வைத்திருக்கும் தாள்தான் வேறு" என்றார்.

அதேதான் நடந்திருந்தது. இடைமுக ஆவணத்தின் 'சி' பதிப்பை வைத்து நாங்கள் கட்டியிருந்தோம். திரை செய்தவர்கள் 'டி' பதிப்பை வைத்திருந்தார்கள். 'டி' எங்களுக்கும் வந்திருந்தது, கொள்முதல் பிரிவின் மின்னஞ்சலில் திறக்கப்படாமல் கிடந்தது. ஏற்கெனவே அனுப்பிய 46 ஹார்னஸ்களும் திரும்பி வந்தன. ஒருவரும் சோம்பேறி இல்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை. தாள் இரண்டாகப் பிரிந்த அந்த நொடியில் இழப்பு தொடங்கிவிட்டது.

பெரிய இடங்களிலும் கதை இதுதான். 1999ல் செவ்வாயை நெருங்கிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற நாசா விண்கலம் தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பு பவுண்டு அலகிலும் மறு தரப்பு நியூட்டன் அலகிலும் வைத்திருந்தது காரணம். இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: இடைமுக ஆவணத்தில் அலகு சரியாகவே எழுதப்பட்டிருந்தது. ஆவணம் சரியாக இருந்தும் அதையும் மென்பொருளையும் ஒத்துப் பார்க்கும் வேலை நடக்கவில்லை.

இந்த வழியின் மறைசெலவு அந்த ஒத்துப் பார்க்கும் வேலைதான். எந்தத் தாள் புதியது என்று தேடும் நேரம், ஒருங்கிணைப்புக் கூடத்தில் கழியும் இரவுகள், 'இது ஏன் இப்படி இருக்கிறது' என்பதற்கான காரணம் ஓய்வு பெறும் மூத்தவரின் தலையோடு வெளியேறிவிடுவது. காசிமேட்டில் மரப்படகு கட்டும் ஓடாவிக்கு வரைபடம் தேவையில்லை. படகு முழுவதும் அவர் மனதில் இருக்கும். ஒரு படகு ஒரு மனதில் அடங்கும். 50 நிறுவனங்கள் சேர்ந்து கட்டும் போர்க்கப்பல் எந்த மனதிலும் அடங்காது.

கோப்பு எப்போது சிறந்தது? கொடுத்த வரைபடத்தின்படி செய்து தரும் வேலை, ஏற்கெனவே நிலைத்துவிட்ட வடிவமைப்புக்கு மறு ஆர்டர், தனியாக நிற்கும் பெட்டி, உதிரிப் பாகம். இவற்றுக்கு மாதிரி கேட்பது வாங்குபவருக்கும் வீண், விற்பவருக்கும் வீண். தயங்காமல் கோப்பில் வாங்குங்கள்.

## இரண்டாம் வழி: எல்லாம் மாதிரியில்

தேவைகள், கட்டமைப்பு, நடத்தை, எடை, மின்சாரம், வெப்பம், சோதனை என எல்லாமே ஒரே மாதிரியில், எல்லா ஒப்பந்ததாரர்களும் அதிலேயே வேலை செய்வது. அர்ஜுன் போன்ற வண்டியில் பீரங்கியை மாற்ற நினைத்தவுடன் எஞ்சின், பாலம், வேகன் வரை சிவப்பு விழும் என்றால் எவ்வளவு நல்லது! முதல் அளவுகோலில் இதற்கு ஈடில்லை. புதிதாக வடிவமைக்கும் அமைப்பு, 30 ஆண்டுகளுக்கு மேம்படுத்திக்கொண்டே போக வேண்டியது, வாங்குபவரிடமே மாதிரியைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் தெரிந்த அணி இருப்பது: இந்த மூன்றும் சேர்ந்தால் முழு மாதிரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் யோசிக்க வேண்டும். அமெரிக்க விமானப்படையின் டி-7ஏ பயிற்சி விமானம் டிஜிட்டல் பொறியியலின் வெற்றிக்கதையாகச் சொல்லப்பட்டது. கருத்திலிருந்து முதல் பறப்பு வரை 36 மாதங்கள்தான். 2018 செப்டம்பரில் 351 விமானங்கள் வாங்கும் திட்டத்தோடு ஒப்பந்தம் ஆனது. அதன் பிறகு, விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையில் சிக்கல், மென்பொருளில் சிக்கல். 2024ல் சேவைக்கு வரும் என்ற திட்டம் 2027க்குத் தள்ளிப்போனது. விதவிதமான உடல் எடையும் உயரமும் உள்ள மனிதர்களை அந்த இருக்கை பத்திரமாகக் காக்குமா என்பதற்கு மாதிரி பதில் சொல்லாது. சோதனைக் களம்தான் சொல்லும்.

அமெரிக்காவின் சென்டினல் ஏவுகணைத் திட்டம் இன்னும் கடுமையான பாடம். அதுவும் டிஜிட்டல் பொறியியலை முன்னிறுத்திய திட்டம். 2024 ஜூலையில் அதன் மதிப்பீடு 81 சதவீதம் உயர்ந்து 140.9 பில்லியன் டாலராகச் சொல்லப்பட்டது. உயர்வில் பெரும்பகுதி ஏவுகணையால் வந்ததல்ல; தரையில் உள்ள ஏவுதளங்கள், கட்டுப்பாட்டு நிலையங்கள், அவற்றை இணைக்கும் கட்டுமானத்தால் வந்தது. மண்ணும் கான்கிரீட்டும் கூட அமைப்பின் பகுதிதான் என்பதை எண்ணூர்ப் பக்கம் வேலை செய்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

இனி மறைசெலவுகள். உரிமக் கட்டணம் முதலில் கண்ணில் படும், ஆனால் அது சிறியது. பெரியது ஆட்கள். சிஸ்எம்எல் முதல் பதிப்பில் 9 வகை வரைபடங்கள் உண்டு. அவற்றை வரையக் கற்றுக்கொள்ள சில வாரங்கள் போதும். எதை வரையாமல் விட வேண்டும் என்று கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும். அந்தப் பக்குவம் இல்லாத அணி, யாரும் பதில் தேடாத கேள்விகளுக்கெல்லாம் அழகான வரைபடங்கள் வரைந்து குவிக்கும்.

அடுத்தது கருவிப் பதிப்பு. ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆலையும் பிரான்சின் துலூஸ் ஆலையும் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தின. தயாரான கம்பிகள் விமானத்துக்குள் நீளம் போதாமல் நின்றன; ஒப்படைப்பு ஏறத்தாழ 2 ஆண்டுகள் தாமதமானது. எங்கள் 'சி', 'டி' தாள் கதைக்கும் இதற்கும் அளவில் மட்டும்தான் வித்தியாசம். மாதிரிக்குப் போய்விட்டால் பதிப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. சிஸ்எம்எல் மொழியே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் பதிப்பு 2025ல் முறைப்படி ஏற்கப்பட்டது. மாதிரியை எழுத்துவடிவில் எழுதவும் அது இடம் தருவதால் நீண்ட ஆயுளுக்கு நல்லது. ஆனால் பழைய பதிப்பில் கட்டிய மாதிரிகளை இதற்கு மாற்றும் செலவை யாராவது ஏற்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அந்த 'யாராவது' வாங்குபவர்தான்.

மூன்றாவது, ரகசியம். தனித்தனியே பார்த்தால் சாதாரணமான 100 தகவல்கள் ஒரே மாதிரியில் சேர்ந்தவுடன் ரகசியம் ஆகிவிடலாம். அதன்பின் இணையம் இல்லாத அறை, அனுமதி பெற்ற ஆட்கள், கதவில் காவல். 12 பேர் கொண்ட பட்டறை அந்த அறையைக் கட்ட முடியாது, சங்கிலியிலிருந்து வெளியேறிவிடும். மிகக் குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கே வேலை என்ற நடைமுறையில் இந்தச் செலவை விலையில் ஏற்றவும் வழியில்லை.

கடைசியாக, உரிமை. மாதிரியை ஒப்பந்ததாரர் கட்டினார், பணம் அரசு கொடுத்தது. திட்டம் முடிந்ததும் அரசுக்குக் கிடைப்பது திறந்து திருத்தக்கூடிய மாதிரியா, அதிலிருந்து எடுத்த படங்களா? படங்கள் மட்டும் என்றால் அடுத்த 30 ஆண்டுகளுக்கு ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதே வாசலில் போய் நிற்க வேண்டும்.

## எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பாளரிடம் விட்டுவிடலாமா

இப்படியும் சிலர் கேட்கிறார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்கத் தரைப்படை தன் எதிர்காலப் போர் அமைப்புகள் திட்டத்தில் வண்டிகள், ஆளில்லா விமானங்கள், உணரிகள், வலையமைப்பு என எல்லாவற்றையும் ஒன்றாகப் பின்னி, அந்தப் பொறுப்பைத் தனியார் தலைமை ஒருங்கிணைப்பாளர்களிடம் கொடுத்தது. 2009ல் திட்டம் கைவிடப்பட்டது. தன் அமைப்பு எப்படிப் பொருந்துகிறது என்ற அறிவை வெளியே கொடுத்துவிட்ட வாங்குபவருக்கு, தவறு நடக்கும்போது அது தவறு என்றே தெரியாது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## மூன்றாம் வழி: எல்லைகள் மாதிரியில், மற்றவை கோப்பில்

என் தேர்வு இது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காட்டுப்பள்ளியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 18 அன்று கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் அர்ணாலா, கடலோர ஆழமற்ற நீரில் நீர்மூழ்கிகளைத் தேடும் கப்பல். நீளம் 77 மீட்டருக்குச் சற்று மேல். ஒப்பந்தம் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்துடையது. கட்டியது நம் காட்டுப்பள்ளி தளத்தில். 55க்கும் மேற்பட்ட சிறு, நடுத்தர நிறுவனங்களின் பங்கு அதில் உண்டு. இப்படிப்பட்ட கப்பலில் ஒவ்வொரு நிறுவனத்தின் பெட்டிக்குள்ளும் என்ன இருக்கிறது என்று வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பெட்டியின் தோலில் என்ன இருக்கிறது என்று கட்டாயம் தெரிய வேண்டும்: எந்தக் கனெக்டர், எந்தப் பின்னில் எந்தச் சமிக்ஞை, எத்தனை வோல்ட், எவ்வளவு வெப்பம் வெளியே வரும், எவ்வளவு எடை, எந்தத் தகவல் எத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை.

ஆகவே வாங்குபவர் ஒரு சிறிய மாதிரியைத் தானே கட்டித் தானே வைத்துக்கொள்கிறார். அதில் நான்கு விஷயங்கள் போதும். அமைப்பும் அதன் சுற்றமும். எல்லா இடைமுகங்களும். ஒவ்வொரு தேவையும் எந்தச் சோதனையில் நிரூபிக்கப்படும் என்ற இணைப்பு. எடை, மின்சாரம், வெப்பம், தரவு ஆகிய நான்கின் வரவுசெலவுக் கணக்கு. ஒப்பந்ததாரர்களுக்குப் போகும் இடைமுக ஆவணங்கள் இந்த மாதிரியிலிருந்தே தானாக அச்சாகும். கையெழுத்து அந்த அச்சுப் பிரதியில் விழும். சட்டப்படி அதுவே செல்லும். ஆனால் அதைக் கையால் திருத்த யாருக்கும் அனுமதி இல்லை. திருத்தம் வேண்டுமா, மாதிரியில் திருத்தி, புதிதாக அச்சிட்டு, புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இதனால் வியாசர்பாடிப் பட்டறைக்கு வருவது என்ன? தனக்கான ஒரு தாள். ஒரு பின் அட்டவணை. மென்பொருள் உரிமம் தேவையில்லை, காவல் போட்ட அறை தேவையில்லை, ஏனென்றால் அவருக்குத் தேவையான துண்டு மட்டுமே அவரிடம் போகிறது. 'டி' பதிப்பு உருவான அன்றே, 'சி' யார் யார் கையில் இருக்கிறது என்ற பட்டியலும் வாங்குபவரின் திரையில் இருக்கும். அந்த இரவு எங்களுக்கு இந்த ஒரு பட்டியல் இருந்திருந்தால் 46 ஹார்னஸும் திரும்பியிருக்காது.

இதற்கும் மறைசெலவு உண்டு. மாதிரிக்கு ஒரு பொறுப்பாளர் முழு நேரமாக வேண்டும். இருக்கும் வேலையோடு இதையும் பார் என்று ஒருவர் தலையில் கட்டினால் ஆறு மாதத்தில் மாதிரியும் களமும் பிரிந்துவிடும். அதிகாரிகள் இடமாற்றத்தில் போகும் நம் வழக்கத்தில் இந்தப் பதவிக்குத் தொடர்ச்சி கொடுப்பது, மென்பொருள் வாங்குவதைவிடக் கடினம். இன்னொன்று, எல்லையை மட்டும் மாதிரியாக்கும்போது பெட்டிகள் சேர்ந்து இயங்குவதால் எழும் புதிய நடத்தைகள் தப்பிவிடலாம். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 நொடிக்குள் அழிந்தது. ஏரியான் 4ல் நன்றாக வேலை செய்த வழிகாட்டும் கருவியின் மென்பொருளைப் புதிய ராக்கெட்டில் வைத்தார்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் கிடைத்திசை வேகம் இந்த அளவைத் தாண்டாது என்று பழைய ராக்கெட்டை நினைத்துச் செய்த அனுமானம் உள்ளே இருந்தது. புதிய ராக்கெட் அதைத் தாண்டியது. எனவே இடைமுக மாதிரியில் பின்னும் வோல்ட்டும் மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு எண்ணும் எந்த வரம்புக்குள், எந்த அலகில், எந்த அனுமானத்தில் என்று எழுத வேண்டும். இதை எழுதாத இடைமுக மாதிரி பாதி வேலைதான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கோப்பு | முழு மாதிரி | எல்லை மாதிரியும் கோப்பும் |
|---|---|---|---|
| மாற்றத்தின் பாதை | கையால் தேட வேண்டும் | உடனே தெரியும் | எல்லைகளில் உடனே. பெட்டிக்குள் தெரியாது |
| இடைமுகங்கள் | பதிப்புகள் பிரியும் அபாயம் | ஒரே மூலம், கருவிப் பதிப்பு ஒன்றாக இருந்தால் | ஒரே மூலம், தாளாக அச்சாகும் |
| தகராறில் எது செல்லும் | தெளிவு | ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் குழப்பம் | அச்சிட்டுக் கையெழுத்திட்ட பிரதி |
| சிறு பட்டறை | எளிது | பெரும்பாலும் தாங்காது | எளிது |
| 30 ஆண்டு ஆயுள் | தாள் நிற்கும், காரணம் மறையும் | கருவியைப் பொறுத்தது | தாளும் உண்டு, சிறிய மாதிரியை மாற்றுவதும் எளிது |
| பெரிய மறைசெலவு | ஒருங்கிணைப்பில் மறுவேலை | ஆட்கள், ரகசியம், உரிமை | முழுநேரப் பொறுப்பாளர் |

## கேட்ட இருவருக்கும்

அந்த இளம் அதிகாரிக்கு: நீங்கள் வாங்குவது ஒரே பெட்டி என்றால் கோப்பிலேயே இருங்கள். மூன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றால், டெண்டர் வெளியாவதற்கு முன்பே எல்லை மாதிரியை உங்கள் அலுவலகத்தில் கட்டிவிடுங்கள். முன்மொழிவுக் கோரிக்கையோடு அதிலிருந்து எடுத்த இடைமுகத் தாள்களைக் கொடுங்கள். ஒப்பந்ததாரர்கள் என்ன மாதிரியை, எந்தத் திறந்த வடிவத்தில், எந்தெந்தக் கட்டத்தில் தர வேண்டும் என்று எழுதுங்கள். 'மாதிரி தரப்படும்' என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. தாளும் மாதிரியும் முரண்பட்டால் எது செல்லும் என்ற ஒரு விதியைச் சேருங்கள். முற்றிலும் புதிய வடிவமைப்பும் அனுபவமுள்ள அணியும் உங்களிடம் இருந்தால், இந்தச் சிறிய மாதிரியையே முழு மாதிரியாக வளர்த்துக்கொண்டு போகலாம். முழுதாகத் தொடங்கித் தடுமாறிய பிறகு சுருக்குவது மிகக் கடினம்.

வியாசர்பாடி நண்பருக்கு: இப்போதைக்கு உரிமம் வாங்காதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதில் உரிமச் செலவுக்கு இடம் இருந்தால் அப்போது வாங்கலாம். அதற்குள், உங்களிடம் டிப்ளமோ முடித்தவர் ஒருவர் இருக்கிறார் என்றீர்களே, அவருக்கு வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். தேல்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தில் பிறந்து திறந்த மூலமாக வெளியிடப்பட்ட கபெல்லா என்ற கருவி இலவசம். அது சிஸ்எம்எல் மொழியில் இல்லை, தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. ஆனாலும் பழகுவதற்கு நல்ல இடம். உங்கள் பட்டறை ஏற்கெனவே செய்யும் ஒரு ஹார்னஸை எடுத்து, அதன் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளை வரைந்து, பின் அட்டவணையை அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அந்த அட்டவணையின் பதிப்பு எண்ணை, பலகையில் ஆணியடித்து வைத்திருக்கும் தாளின் எண்ணோடு ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஒத்துப் பாருங்கள்.

டெண்டருக்கு முந்தைய கூட்டத்துக்கு நீங்களே போங்கள். போய், இந்தக் கேள்வியை எழுந்து நின்று கேளுங்கள்: இடைமுகத் தாள் மாறினால் எங்களுக்கு எத்தனை நாளில், யார் மூலம், எந்த வடிவில் வரும், அதற்குள் நாங்கள் கட்டி முடித்தவற்றின் செலவு யாருடையது? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு விலை போடுங்கள்.